தடுப்பூசி ஏன் பள்ளிக்கே வந்தது?

வலங்கைமான் மகா மாரியம்மன் கோயிலில், கடும் நோயிலிருந்து மீண்டவர்கள் பங்குனியில் பாடைக்காவடி எடுப்பார்கள். நோயின் பயம் அறிந்த ஊர் இது. அம்மைகளில் ஒன்றான தட்டம்மையை இன்று வராமலே தடுக்கலாம்.

2017 பிப்ரவரியில் தமிழகமெங்கும் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இலவசமாகப் போடப்பட்டது. பள்ளிகளிலும் முகாம் நடந்தது. ஏன்?

நோயாளி வெளியேறிய பிறகும் தட்டம்மைக் கிருமி 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். அதைத் தடுக்க நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். அத்தனை பிள்ளைகளும் ஒருசேரக் கிடைப்பது பள்ளியில்தான். நடவு வேலையை விட்டுவிட்டுத் தாய் அலைய வேண்டியதில்லை.

எப்படிப் போட்டார்கள்? வீரியம் குறைத்த வைரஸ்தான் மருந்து. தூளாக வரும் அதைக் கரைத்த 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். வலது மேற்கையில் 0.5 மி.லி. ஊசி, அடையாளத்துக்கு இடது கட்டைவிரலில் மை. முன்பே போட்டவர்களுக்கும் போட்டார்கள். ஏனெனில் 9 மாதத்தில் போடும் ஊசி நூற்றில் சுமார் 15 பேருக்குப் பலிப்பதில்லை.

ரூபெல்லா கர்ப்பிணிக்குத் தொற்றினால் சிசுவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். ஆகவே 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 - 24 மாதங்களில் ஒன்று என இரு தவணைகளையும் தவறாமல் போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.