95 இடங்களும் 12 கிரெடிட்டும்

காந்தளூர்ச் சாலையின் பெயரைச் சுமக்கும் ஊரில், இயற்பியல் ஆய்வு மாணவர்களுக்கு முதல் பருவப் பதிவே முதல் பரீட்சை.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாளி, பாய், கொசுவலை, பூட்டு என விடுதி வாழ்க்கைக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். நாகர்கோவில் பக்கமிருந்து ரயிலேறி தம்பானூரில் இறங்கும் மாணவனுக்கு மொழிப் பிரச்சினையும் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராஜா கேசவதாசன் வளர்த்த இந்தச் சந்தையில் தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பேரம் பேசி வாளியை வாங்கிவிடலாம். ஆனால் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்திலோ, விதுராவில் ஐசரிலோ, வலியமலையில் விண்வெளி அறிவியல் நிறுவனத்திலோ நீட்டப்படும் படிவத்தில் பேரத்துக்கு இடமில்லை. என்ன பாடங்கள் எடுக்கப்போகிறாய்? யார் கையெழுத்து? கடைசித் தேதி என்ன?

இந்த வட்டாரத்துக்கு இது புதிதல்ல. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை, இங்குள்ள வலியசாலைதான் என்பது ஒரு சாராரின் கருத்து. இல்லை என்பவர்களும் உண்டு. அந்தச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்) ஒரு சாலை நிறுவினான். அதன் செப்பேட்டை இன்றைய பதிவாளர் ஒருவர் படித்தால் சொந்த ஆவணம் போலவே உணர்வார். மொத்தம் 95 இடங்கள். மூன்று வேதப் பிரிவுகளுக்கு 45, 36, 14 என ஒதுக்கீடு. சேர வருபவருக்கு வியாகரணம், மீமாம்சை முதலியவற்றில் முன்தேர்ச்சி தேவை. வைதால் அபராதம், சபைக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது. பிராமணரல்லாதவருக்கு அந்த 95இல் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்றைய வாசலுக்குப் பெயர்கள் வேறு: நெட், கேட், ஜெஸ்ட். 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு மாற்றத்தை அறிவித்தது. நெட் மதிப்பெண்ணைக் கொண்டே பிஎச்.டி. சேர்க்கை நடத்தலாம், உதவித்தொகைக்குத் தகுதி பெறாதவர்களுக்குத் தேர்வுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம். அந்த மதிப்பெண் சேர்க்கைக்குச் செல்லுவது ஓராண்டுதான். அறிவித்த சில மாதங்களிலேயே சோதனை வந்தது. ஜூன் 25இல் தொடங்க வேண்டிய அறிவியல் பாடங்களுக்கான நெட் தேர்வு, நான்கு நாள் இருக்கும்போது ஒத்திவைக்கப்பட்டு ஜூலை இறுதியில் நடந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதை அவிழ்த்து வைத்தார்கள்.

வாசலைத் தாண்டியவர்களுக்குக் காத்திருப்பது கோர்ஸ் ஒர்க். நம் நாட்டில் பிஎச்.டி. வெகுகாலம் பிரிட்டிஷ் வழியில் நடந்தது: ஒரு கைடு, ஒரு சோதனைக்கூடம், கடைசியில் ஒரு ஆய்வேடு. வகுப்பு, பரீட்சை என்பதெல்லாம் அமெரிக்க வழக்கம். 2009இல் மானியக் குழு அதைக் கட்டாயமாக்கியது. 2022 விதிகளின்படி குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். 55 சதவீதம் பெறாவிட்டால் ஆய்வைத் தொடர முடியாது. ஆய்வு நெறிமுறை குறித்த இரண்டு கிரெடிட் பாடத்திலிருந்து யாருக்கும் விலக்கில்லை. வாரம் ஒரு மணி வகுப்பு ஒரு பருவம் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட் என்பது பொதுக்கணக்கு.

கணக்கு எளிது. தேர்வு எளிதல்ல. எம்.எஸ்சி.யில் குவாண்டம் மெக்கானிக்ஸ், எலக்ட்ரோடைனமிக்ஸ், புள்ளியியல் இயக்கவியல் என்று இரண்டு ஆண்டு படித்தவன் அவற்றையே மறுபடி எடுப்பதா? சிறிய கல்லூரியிலிருந்து வருபவனுக்கு அது அவசியமாகவே இருக்கலாம். அங்கே சூத்திரத்தை எழுதினால் போதும். இங்கே கணக்கைப் போட்டாக வேண்டும். ஆனால் மாணவர் கௌரவம் பார்த்து அடிப்படைப் பாடத்தைத் தவிர்க்கிறார், அல்லது கைடு தன் சோதனைக்கூடத்துக்கு உதவும் பாடத்தையே எழுதச் சொல்கிறார். திடப்பொருள் இயற்பியலுக்கு வந்தவனுக்குக் களக்கோட்பாடு எதற்கு என்று கேட்பார்கள். இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பது அவனுக்கே மூன்றாம் ஆண்டில்தான் தெரியும்.

நேரமும் ஓடுகிறது. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். பிறகு சீனியர் நிலையில் 42,000. எல்லாம் சேர்த்து ஐந்து ஆண்டுகள். கோர்ஸ் ஒர்க்கில் போகும் மாதங்களும் அந்தக் கணக்கில்தான். ஒரு பாடத்தில் தவறி அடுத்த ஆண்டு திரும்ப எழுதினால் இழப்பு அவனுடையதே.

இதைவிடச் சங்கடமான விஷயம், பட்டியலில் இருந்தும் நடக்காத பாடங்கள். ஆசிரியர் போதாத துறைகளில், இரண்டு மூன்று பேர் மட்டும் பெயர் கொடுத்தால் விருப்பப் பாடம் ரத்தாகிவிடும். எல்லோரும் எது நடக்குமோ அதில் சேர்கிறார்கள். பெயர்தான் விருப்பப் பாடம்.

இங்கே சந்திரசேகரைப் பற்றி இயற்பியல் வட்டாரத்தில் சலிக்காமல் சொல்லப்படும் கதை ஞாபகம் வராமல் இராது. 1930இல் பம்பாயிலிருந்து கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர், 1940களில் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தார். அங்கிருந்து சிகாகோவுக்குப் பனியில் காரோட்டி வந்து பாடம் நடத்துவாராம். பதிவு செய்திருந்தவர்கள் இருவரே: லீ, யாங். 1957இல் அந்த இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆசிரியருக்குக் கிடைத்தது 1983இல். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் மாணவர் எண்ணிக்கை பார்த்து வகுப்பை ரத்து செய்யும் துறைத்தலைவர்கள் ஒருமுறை கேட்டு வைப்பது நல்லது.

சாலையில் வாளி வாங்கிக்கொண்டிருக்கும் மாணவனுக்கு இதில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. முதல் இரண்டு வாரங்களில் பாடத்தை மாற்றிக்கொள்ள அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். பதிவு செய்யாமலே வகுப்பில் பின் வரிசையில் உட்காரலாமா என்றும் கேட்கலாம். பெரும்பாலான ஆசிரியர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. மூத்த மாணவர்களிடம் போன ஆண்டு எந்தப் பாடம் உண்மையிலேயே நடந்தது என்று விசாரிக்கலாம். பட்டியலில் பொதுச் சார்பியல் என்று அச்சாகியிருந்தால், எதிரே ஆசிரியர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.