களைப்புற்றோர்க்கு ஏற்ற யோகப் பயிற்சி

யோகம் என்றதும் நம்மிற் பலரின் மனக்கண்முன் தோன்றுவது, தலைகீழாக நிற்கும் ஒருவரின் உருவமோ, உடலை வில்லென வளைத்துக் காட்டும் ஓர் இளைஞனின் உருவமோ ஆகும். ஐக்கிய நாடுகள் சபை 2014 ஆம் ஆண்டிற் பிரகடனஞ் செய்து, 2015 முதலாக யூன் 21 ஆந் திகதி கொண்டாடப்பெற்று வரும் சர்வதேச யோகா தினக் காட்சியும் இதனின் வேறன்று. வரிசையாக நிற்போர் அனைவரும் ஒரே வேளையிற் குனிந்து ஒரே வேளையில் நிமிர்கின்றனர். தேகப்பியாசத்துக்கு இஃது ஒக்கும். ஆயின், அண்மையிற் காய்ச்சலில் எழுந்த மாணவனும் குருதிச்சோகையால் வாடும் மாணவியும் அவ்வரிசையில் நிற்கின்றனரே! அவர்க்கு யோகம் பயன்படுமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

களைப்பு நம் தீவுப்பகுதியார்க்குப் புதியதன்று. நெடுந்தீவுக்குச் செல்லும் ஆசிரியர் விடியுமுன் வீட்டினின்றும் புறப்பட்டு, பண்ணைப் பாலங் கடந்து, குறிகட்டுவானிற் படகேறி, ஒரு மணி நேரமளவு கடலில் அலைப்புண்ட பின்னரே கரும்பலகையின் முன் நிற்கின்றார். (இரவிற் கண்விழித்து வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தோர்க்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.) இவ்வகைக் களைப்பு உறக்கத்தால் நீங்கும். நோயின் பின் எஞ்சி நிற்கும் களைப்போ அத்தகையதன்று. 2006 இன் இறுதியில் யாழ்ப்பாணத்தைத் தாக்கிய சிக்குன்குனியாவும், 2017 இல் இலங்கை முழுவதிலும் 180,000 இற்கு மேற்பட்டோரைப் பீடித்த டெங்கும், 2020 முதல் உலகையே உலுக்கிய கொவிட் நோயும், காய்ச்சல் தணிந்து பல வாரங்கள், சிலர்க்குப் பல மாதங்கள் சென்ற பின்னரும் உடலை எழவொட்டாது அழுத்தின. வெளிப் பார்வைக்கு நோயின்றித் தோன்றும் இவர்களை நாம் சோம்பேறிகள் என எளிதிற் கூறிவிடுகின்றோம்.

பதஞ்சலி முனிவர் அவ்வாறு கூறினாரல்லர். யோகத்துக்கு இடையூறாவன ஒன்பதனை வகுத்த அவர், வியாதியை வேறாகவும், மனமந்தத்தை வேறாகவும், சோம்பலை வேறாகவும் வைத்தார். மூன்றையும் ஒன்றெனக் கருதுவோன் மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பான்; அம்மருந்து பெரும்பாலும் 'இன்னும் முயற்சி செய்' என்பதாகவே இருக்கும். ஆசனம் என்பது அசைவற்றதாயும் சுகமானதாயும் இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கொள்கையே. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது அவ்விலக்கணத்தின்படி ஆசனமாகாது.

சுவாத்மாராமர் 15 ஆம் நூற்றாண்டளவில் இயற்றிய அடயோகப் பிரதீபிகை இன்னுந் தெளிவாகப் பேசுகின்றது. யோகத்தைக் கெடுப்பன ஆறு என்னும் அந்நூல், மிகையாக உண்பதனை அடுத்து மிகையாக உடலை வருத்துவதனை வைக்கின்றது. அவ்வாறனுள் நியமங்களை விடாப்பிடியாகப் பற்றுதலும் ஒன்றாகும். வைகறையிற் குளிர்ந்த நீராடல் போன்றவற்றை உரையாசிரியர் இதற்கு எடுத்துக்காட்டுவர். நோயுற்ற பிள்ளையையும் விடியற்காலையிற் கிணற்றடிக்கு அனுப்பும் பெற்றோர் இதனைக் கவனிப்பாராக. பிணம்போற் கிடக்கும் சவாசனம் களைப்பை நீக்கும் எனவும் அந்நூலே உரைக்கின்றது. ஆகவே, களைப்புற்றோர்க்கென யோகத்தை மாற்றுதல் இக்காலத்தார் கண்டுபிடித்த சலுகை அன்று.

அண்மைக் காலத்தில் இதனை நடைமுறையிற் காட்டியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) ஆவர். 1930 களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் இளைஞர்க்குக் கடும்பயிற்சி அளித்த அவரே, பிற்காலத்திற் சென்னையில் தம்மிடம் வந்த நோயாளரைத் தனித்தனியே நோக்கி, அவரவர் வயது, வலிமை, தொழில் என்பவற்றுக்கேற்பப் பயிற்சியை வகுத்தார். இம்முறையை வளர்த்தற்பொருட்டு அவர் மைந்தர் தேசிகாச்சார் 1976 இற் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். மற்றொரு மாணவர் பீ. கே. எஸ். ஐயங்கார் (1918–2014) சிறுவயதில் மலேரியா, நெருப்புக்காய்ச்சல், காசநோய் ஆகியவற்றால் நலிந்தவர். தலையணை, கதிரை, கயிறு, சுவர் இவற்றின் துணையோடு உடலைத் தாங்கவைக்கும் முறைகளை விரிவாக வகுத்தவர் அவரே என்பது பொருத்தமாகவே தோன்றுகின்றது.

இனிப் பயிற்சியை நோக்குவோம். மிகவுங் களைத்தவர் நின்று தொடங்குதல் கூடாது. பாயிற் படுத்து, முழங்கால்களின் கீழ் மடித்த சேலையொன்றை வைத்து, ஐந்து நிமிடம் மூச்சை அதன் போக்கிற் கவனித்தல் முதற்படி. பின்னர், மூச்சை உள்ளிழுக்கையிற் கைகளைத் தலைக்குமேல் மெல்லக் கொண்டுசென்று, வெளிவிடுகையில் மீட்கலாம். நான்கு முறை போதும். அடுத்து, மூச்சை வெளிவிடும்போது முழங்கால்களை வயிற்றை நோக்கி அணைக்கலாம். வெளிமூச்சு உள்மூச்சினுஞ் சற்று நீண்டிருத்தல் நன்று. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சிறிது தணியும். மூச்சை அடக்கலாகாது. பஸ்திரிகை, கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகள் சோர்வை ஓட்டும் என்பாருமுளர். நலிந்த உடலுக்கு அவை கடன் வாங்கிச் செலவிடுவது போன்றவையே. எழும்போது ஒருபுறமாகத் திரும்பிச் சற்றே இருந்து எழுதல் வேண்டும். சடுதியாக எழுந்தாற் குருதியழுத்தங் குறைந்து தலை சுற்றும்.

எவ்வளவு செய்தல் தகும்? செய்து முடித்த வேளையில் தோன்றும் உற்சாகத்தை அளவுகோலாகக் கொள்ளலாகாது, மறுநாளே உரைகல். நாட்பட்ட களைப்பு நோயுடையார்க்கு, முயற்சியால் வருங் கேடு உடனே தோன்றாது, ஓரிரு நாள் கழித்தும் தோன்றும். இதனாலேயே பிரித்தானியாவில், படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை 2007 இல் விதந்துரைத்த வழிகாட்டி 2021 இல் திருத்தப்பெற்று, அவ்விதப்புரையும் நீக்கப்பட்டது. யப்பானிய மருத்துவர் ஓக்காவும் குழுவினரும் 2014 இல் வெளியிட்ட ஆய்விலே, இத்தகைய நோயாளர் 30 பேருட் பாதிப்பேர், அமர்ந்தவாறே தசைகளை இலேசாக இறுக்கித் தளர்த்தும் யோகத்தை ஏறத்தாழ இரு மாதம் பயின்று, களைப்புக் குறையப்பெற்றனர். சிறு தொகையினரின் ஆய்வாதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளற்கில்லை. எனினும், கதிரையில் இருந்து செய்வதும் யோகமே என்பதற்கு இது சான்றாகும்.

ஒன்றை வற்புறுத்தல் வேண்டும். வாரக்கணக்கில் நீங்காத களைப்பு, குருதிச்சோகை, நீரிழிவு, தைரொயிட்டுச் சுரப்பிக் குறைபாடு, மனச்சோர்வு என்பவற்றுள் ஒன்றன் அறிகுறியாகலாம். இரும்புச்சத்துக் குறைந்த மாணவிக்குச் சவாசனம் இரும்பைத் தராது. முதலில் வைத்தியசாலையிற் குருதிப் பரிசோதனை. பயிற்சி அதன் பின்னரே.

பாடசாலையிற் செய்யத்தக்கதும் அரிதன்று. யோகா தினத்தன்று வரிசையின் ஓரத்தில் நாலைந்து கதிரைகளையும் இரண்டு பாய்களையும் இட்டு, இயலாதோர் அங்கே இருந்தோ கிடந்தோ செய்யலாம் என ஆசிரியர் முன்கூட்டியே எல்லார்க்கும் அறிவித்தாற் போதும். காரணங் கேட்டு எவரையும் முன்னிறுத்த வேண்டியதில்லை.