மணியின் வயிறும் எங்கள் அன்பும்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது முன்னோர் வாக்கு. இதைக் கட்டுரை நோட்டில் பலமுறை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அதன் பொருளை எங்களுக்கு உண்மையாகக் கற்பித்தது ஒரு நாய்க்குட்டியின் வயிறே. நாங்கள் கற்ற பாடம், வீட்டில் குட்டி வளர்க்கும் தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மாலை, விடுதியின் பின்கட்டில், விறகுக் கொட்டகைக்கு அடியில் ஒரு குட்டி முனகிக்கொண்டிருந்தது. வயது ஆறு வாரம் இருக்கலாம். தாயைத் தேடினோம், காணவில்லை. சிஸ்டர் அவர்களிடம் கெஞ்சி அதை வைத்துக்கொள்ள அனுமதி பெற்று, மணி என்று பெயரும் சூட்டினோம்.

விடுதியில் நாங்கள் நாற்பது பேர். நாற்பது பேருக்கும் மணி மீது அன்பு. ஒருத்தி காலைப் பாலில் பாதியைக் கொடுத்தாள். இன்னொருத்தி ரொட்டியும் ஜாமும் கொடுத்தாள். ஊரிலிருந்து வந்த முறுக்கு, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கிடந்த எலும்பு, ரசம் சாதம், பிஸ்கட் என்று எல்லாம் மணிக்குப் போயின. நான்காம் நாள் அதற்கு வயிற்றுப்போக்குக் கண்டது. ஐந்தாம் நாள் காலை கூப்பிட்டால் வாலைக்கூட ஆட்டவில்லை. சிஸ்டர் அதை ஒரு துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எங்களில் இருவர் உடன் சென்றோம்.

"குட்டி என்ன சாப்பிட்டது?" என்று மருத்துவர் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோரும் கொடுத்திருந்தோம், யார் எதைக் கொடுத்தோம் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மௌனம் இன்றும் எங்களைச் சுடுகிறது.

மருத்துவர் மணியின் தோள்பட்டைத் தோலை இரு விரலால் தூக்கி விட்டார். நலமான குட்டிக்குத் தோல் உடனே பழைய நிலைக்குப் படிந்துவிடும். மணிக்கு அது மெதுவாகவே இறங்கியது. உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது. தோலுக்கடியில் சலைன் ஏற்றினார், மலத்தைப் பரிசோதித்தார். நல்லவேளையாக நாங்கள் அஞ்சிய பார்வோ நோய் இல்லை. வயிற்றில் புழுவும், ஒவ்வாத உணவும் சேர்ந்து செய்த வேலை என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

பால் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

குட்டிக்குப் பால்தானே உணவு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நாயின் பால் வேறு, பசுவின் பால் வேறு. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உண்டு. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையோ குறைவு. அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, பால் மறக்கும் பருவத்தில் குட்டியின் குடலில் குறையத் தொடங்குகிறது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுக்கிறது. நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. விளைவு வயிற்றுப்போக்கு. தயிரில் இச்சர்க்கரை ஓரளவு குறைந்திருப்பதால் சில நாய்களுக்குச் சிறிது தயிர் ஒத்துக்கொள்ளும். ஆயினும் நோயுற்ற வயிற்றில் அதைச் சோதித்துப் பார்க்கலாகாது.

இன்னொரு காரணமும் உண்டு. குட்டியின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஓர் உணவுக்குப் பழகச் சில நாட்கள் ஆகும். வேளைக்கொரு உணவு வந்தால் அவை என்ன செய்யும்? பாவம், குட்டி என்ன செய்யும்?

வயிற்றுக்கு ஓய்வு

பெரிய நாய்க்கு வயிறு கெட்டால் ஒருவேளை பட்டினி போடுவதுண்டு. சின்னஞ்சிறு குட்டியை நீண்ட நேரம் பட்டினி போடலாகாது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கிவிடும். ஆகவே எளிய உணவைச் சிறுசிறு அளவில் கொடுக்க வேண்டும். மணிக்கு மருத்துவர் சொன்னது இதுதான்: தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு, குழைய வேகவைத்த வெள்ளைச் சோறு இரு பங்கு. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் கூடாது. ஒரு நாள் உணவை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும்.

மாமிச உண்ணியாகிய நாய்க்குச் சோறு செரிக்குமா என்று எங்களுக்கு ஐயம் எழுந்தது. செரிக்கும். 2013-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாய்க்கு மிகுதியாக உள்ளன. மனிதனோடு வாழ்ந்து, அவன் உணவைப் பகிர்ந்து, நாயின் உடலே மாறியிருக்கிறது!

ஆனால் இந்தப் பத்திய உணவு சில நாட்களுக்கே. அதில் சுண்ணாம்புச்சத்து முதலியவை போதா. வளரும் குட்டியை அதிலேயே நிறுத்திவிட்டால் எலும்பு வலுவிழக்கும்.

மாற்றம் மெல்ல மெல்ல

மலம் இறுகிய பின், குட்டிகளுக்கென விற்கும் உலர்தீனியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். அதையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. முதல் இரண்டு நாள் புதிய உணவு கால் பங்கு, பழையது முக்கால் பங்கு. அடுத்த இரண்டு நாள் பாதிக்குப் பாதி. பின் இரண்டு நாள் புதியது முக்கால் பங்கு. ஏழாம் நாள் முழுவதும் புதியது. இடையில் வயிறு இளகினால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். வயிறு மென்மையான குட்டிக்குப் பத்து நாட்களும் ஆகலாம். வீட்டுச் சமையலையே நிலையாகக் கொடுக்க விரும்புவோர், எதை எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டறிவது நலம். கால்சியம் மருந்தைத் தாமாகக் கொடுப்பதும் தவறு. ராஜபாளையம் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு அது மிகுந்தாலும் கேடுதான்.

சிஸ்டர் அடுக்களைச் சுவரில் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிட்டார்கள். "ஒரு வேளைக்கு ஒருத்திதான் உணவு கொடுக்க வேண்டும். கொடுத்ததையும், மணியின் மலம் எப்படி இருந்தது என்பதையும் எழுத வேண்டும்" என்றார்கள். முதலில் முகம் சுளித்தோம். பிறகு அதுவே பழகிவிட்டது.

பாதிக்குப் பாதி என்ற படியில் இருந்தபோது மணிக்கு மறுபடி வயிறு கெட்டது. குறிப்பேட்டில் காரணம் இல்லை. மாலைச் செபம் முடிந்ததும் எங்களில் ஒருத்தி அழுதுகொண்டே சிஸ்டரிடம் சென்றாள். தன் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டை ஒளித்துக் கொடுத்திருந்தாள். சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை, குறிப்பேட்டை எடுத்து அவள் கையில் தந்தார்கள். அவளே எழுதினாள். மறுநாள் மருத்துவரிடம் போனபோது, "இப்போது காரணம் தெரிகிறது அல்லவா? மீண்டும் பத்தியத்திலிருந்து தொடங்குங்கள்" என்றார். தொடங்கினோம். மணி பிழைத்தது.

தோழியர் மறவாதிருக்க

சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. சர்க்கரைக்குப் பதிலாகச் சில மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டாலும் அப்படியே. வெந்த எலும்பு கூரிய சில்லுகளாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். நமக்கு வாங்கிய மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

எல்லா வயிற்றுப்போக்கும் உணவால் வருவதில்லை. மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, தண்ணீரும் குடியாமை, சோர்ந்து படுத்தல், வெளிறிய ஈறு இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். 1978-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய பார்வோ நோய் இன்றும் தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடுகிறது. அதன் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி; பின் நான்கு மாதம் நிறையும் வரை மருத்துவர் குறிக்கும் நாட்களில் அடுத்தடுத்த ஊசிகள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் மறக்கலாகாது. உருண்டைப்புழு தாயின் கருவிலேயே குட்டிக்கு வந்துவிடும், நமக்கும் தொற்றும். எனவே புழு மருந்து அவசியம். குட்டியைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் அவசியம்.

வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் மருந்தைவிட உணவைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார். முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணச் சொல்கிறார். மனிதருக்குச் சொன்னது மணிக்கும் பொருந்துகிறது. நற்செய்தியில் கானானியப் பெண், மேசையிலிருந்து விழும் துணுக்குகளை உண்ணும் நாய்க்குட்டிகளைப் பற்றி இயேசுவிடம் பேசுகிறாள். நாங்களோ துணுக்கோடு நிற்கவில்லை, மேசையையே கவிழ்த்துவிட்டோம்!

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாங்கள் ஊர் புறப்பட்ட அன்று மணி வாயில்வரை ஓடிவந்து வழியனுப்பியது. யாரும் அதற்கு எதுவும் கொடுக்கவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தோம். அதற்கு அதுவே போதுமாயிருந்தது.

— விடுதி மாணவியர், ஒன்பதாம் வகுப்பு