பீரோ மேல் தூங்கும் அரசு லேப்டாப்... 'சட்டை'யை மாற்றினால் மறுபடி ஓடும்!

பிளஸ் டூ படிக்கும்போது அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப், பையோடு பீரோ மேல் கிடக்கும். தம்பி இப்போது கல்லூரியில் சேர்ந்திருப்பான். அசைன்மென்ட் டைப் செய்யலாம் என்று தூசி தட்டி ஆன் செய்தால், திரை வருவதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். ''புதுசு வாங்கித் தாங்கப்பா'' என்று பிள்ளை கேட்க, ''இந்த அறுப்பு முடியட்டும்'' என்று அப்பா தள்ளிப்போட... ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி இருக்கும் ஆழ்வார்குறிச்சி தொடங்கி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வரை பல வீடுகளுக்குப் பழக்கமான காட்சி இது.

பல நேரங்களில் அந்த லேப்டாப் செத்துப் போயிருக்காது. அதன்மேல் ஏற்றி வைத்திருக்கும் பாரம்தான் அதிகம். அந்தப் பாரத்தைக் காசு செலவில்லாமல் இறக்கிவைக்க ஒரு வழி இருக்கிறது.

உள்ளேயே இருந்த லினக்ஸ்

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னோர் இயங்குதளமும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. ஆன் செய்ததும் 'எது வேண்டும்?' என்று ஒரு பட்டியல் வருமே... அதில் இருந்த இரண்டாவது ஆள்தான் இவர். பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

இப்போது விண்டோஸ் பக்கம் சிக்கல். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ அந்தக் காலத்து லேப்டாப்கள் தாங்காது. மிச்சம் இருப்பது லினக்ஸ் வழி.

உடம்பு ஒன்று, சட்டை பல

விண்டோஸில் நிறத்தையும் படத்தையும் மாற்றலாம்; ஆனால், அடிப்படைத் தோற்றம் மைக்ரோசாஃப்ட் கொடுப்பதுதான். லினக்ஸில் இயங்குதளம் வேறு, கண்ணுக்குத் தெரியும் டெஸ்க்டாப் வேறு. மெனு, ஐகான், ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்த அந்த மேல்பகுதியை, சட்டை மாற்றுவதுபோல மாற்றிக்கொள்ளலாம். ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

கேடிஇ, க்னோம் இரண்டும் பிரபலமானவை. அழகானவை, ஆனால் கனமானவை. 2011-ல் க்னோம் தன் தோற்றத்தை அடியோடு மாற்றியபோது, 'பழையதே போதும்' என்றவர்கள் அந்தப் பழைய க்னோமை வைத்தே 'மாட்டே' என்ற டெஸ்க்டாப்பைத் தொடங்கினார்கள். 1996-ல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய 'எக்ஸ்எஃப்சிஇ' இன்னும் எளிமையானது. சின்ன எலிதான் அதன் சின்னம். பழைய லேப்டாப்புக்குப் பலரும் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

முதலில் போட்டோக்களைக் காப்பாற்றுங்கள்!

கல்யாண போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வேறொரு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பழைய பாஸ் பதிப்புக்கு இப்போது அப்டேட் வராது. அதனால், 'லினக்ஸ் மின்ட்' எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போன்ற ஒன்றைப் புதிதாகப் போடுவது நல்லது. இதற்குக் குறைந்தது 2 ஜிபி ராம் தேவை. சிரமமில்லாமல் ஓட 4 ஜிபி. வேறு கம்ப்யூட்டரில் அதை டவுன்லோடு செய்து, எட்சர் அல்லது ரூஃபஸ் மென்பொருள் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் அதையும் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

பென் டிரைவில் இருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பார்க்கலாம். இதில் ஹார்டு டிஸ்க் தொடப்படாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு இன்ஸ்டால் செய்யலாம். அப்போது 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாமே அழியும். விண்டோஸும் வேண்டும் என்றால் 'அலாங்சைட்' என்று வரும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏற்கெனவே அப்டேட் வரும் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். சினாப்டிக் மென்பொருளில் எக்ஸ்எஃப்சிஇ என்று தேடி இன்ஸ்டால் செய்தால் போதும். நடுவில் 'எந்த லாகின் திரை வேண்டும்?' என்று ஒரு கேள்வி வரலாம். பட்டியலில் உள்ள எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி. பிறகு லாக் அவுட் செய்து, லாகின் திரையில் இருக்கும் சின்ன ஐகானை அழுத்திப் புது டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழையலாம். பிடிக்கவில்லையா? அதே வழியில் பழையதற்குத் திரும்பலாம். அதனால், பழையதை அவசரப்பட்டு நீக்க வேண்டாம்.

நம் வசதிக்கு ஏற்றபடி...

மெனு பட்டையைக் கீழே இறக்கலாம், மேலே ஏற்றலாம். தாத்தாவும் பார்க்கும்படி எழுத்தைப் பெரிதாக்கலாம். செட்டிங்ஸில் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' பகுதிக்குப் போய் 'கம்போசிட்டர்' என்பதை அணைத்தால், நிழல் போன்ற அலங்காரங்கள் போய் வேகம் கொஞ்சம் கூடும். 'ஐபஸ்' மூலம் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் பற்றித் தமிழிலேயே படிக்க விரும்பினால், 'கணியம்' தளத்தில் இலவச மின்னூல்கள் இருக்கின்றன.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்

இது மந்திரம் அல்ல. 2 ஜிபி ராம் லேப்டாப்பில் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் எந்த டெஸ்க்டாப்பும் திணறும். ராமைக் கூட்டி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். காமர்ஸ் மாணவர்களுக்கு டேலி வேண்டுமென்றால், அது விண்டோஸுக்கானது. அவர்கள் விண்டோஸை முழுதாக அழிக்கக் கூடாது. வானவில், பாமினி எழுத்துருக்களில் டைப் செய்த பழைய கடிதங்களைப் படிக்க, அந்த எழுத்துருக்களையும் சேர்த்தாக வேண்டும்.

அசைன்மென்ட் டைப் செய்ய, பாட வீடியோ பார்க்க, இ-மெயில் அனுப்ப இந்த லேப்டாப் போதும். பென் டிரைவில் ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் செலவு. புதிது வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்!