மூடிமேல் தராசு

மேசை விளிம்பில் திருகி மாட்டும் தேங்காய்த் துருவியைப் பார்த்திருப்பீர்கள். பல் எவ்வளவு கூராக இருந்தாலும், அடியில் இருக்கும் திருகு தளர்ந்தால் துருவி மேசையில் நடக்கத் தொடங்கிவிடும். ரைஃபிளின் மேல் உட்காரும் ஸ்கோப்புக்கும் இதே கதைதான். ஸ்கோப் என்பது குறியைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக் குழாய். அதைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தாங்கிக்கு மவுண்ட் என்று பெயர். பணத்தையெல்லாம் கண்ணாடியில் கொட்டிவிட்டு மவுண்ட்டில் மிச்சம் பிடிப்பவர்கள் நிறைய.

அந்த மிச்சம் எங்கே போய் முடியும் என்று ஒரு கணக்குப் போடலாம். மவுண்ட்டின் முன்பிடிக்கும் பின்பிடிக்கும் நடுவே 10 செ.மீ. இருக்கிறது. ஒரு முனை மட்டும் 0.1 மி.மீ. தூக்கிக்கொள்கிறது, நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் கனம், அவ்வளவே. 100 மீட்டர் தள்ளி அதுவே 10 செ.மீ. ஆகிவிடும். பெரிய இட்லி ஒன்றின் அகலத்துக்குக் குறி தப்பும்.

சரி, மவுண்ட்டை எது அசைக்கிறது? முதலில், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளின் வயிற்றுக்குள் போவோம். ஒரு தோட்டா வெடிக்கிறது, ரைஃபிள் தோளை உதைக்கிறது. இது முதல் இடி. பிறகு, வெடித்த வாயுவில் ஒரு பங்கு போல்ட் என்கிற கனமான இரும்புக் கட்டையைப் பின்னால் தள்ளுகிறது. அது காலித் தோட்டாவை வெளியே வீசிவிட்டு, ஸ்பிரிங்கை நசுக்கிக்கொண்டு பின்சுவரில் முட்டும். இரண்டாவது இடி. அடுத்து ஸ்பிரிங் அதைத் திருப்பி எறிய, புதுத் தோட்டாவை உள்ளே தள்ளிக்கொண்டு முன்னால் வந்து மோதும். மூன்றாவது இடி, ஆனால் இது எதிர்த்திசையில். கையால் இழுத்துச் சுடும் ரைஃபிளில் முதல் இடி மட்டும்தான். இங்கே ஓர் உரலில் மூன்று உலக்கை.

ஆகவே, மவுண்ட் வாங்குமுன் விலையை விடுங்கள். இந்த ரைஃபிளில் ஆடாத இடம் எது என்று கேளுங்கள். தராசை அடுப்படித் திண்ணையில் வைப்போம், தூக்குவாளி மூடிமேல் வைக்க மாட்டோம் அல்லவா? சில ரைஃபிள்களின் மேல்பாகம் மூடிதான். இஷாப்பூரில் செய்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளை நம் ஊர்க் காவலர் தோளில் பார்த்திருக்கலாம். துடைப்பதற்காகத் திறந்தால் மேலே இருக்கும் தகட்டு மூடி பின்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும். அதன் பிரிட்டிஷ் உறவான எல்1ஏ1 ரைஃபிளில் ஸ்கோப்பை அந்த மூடிமேலேயே வைத்தார்கள், மூடியைக் கொஞ்சம் பலப்படுத்தி. மூடி ஆடினால் குறியும் கூடவே ஆடும்.

1963இல் சோவியத் படையில் சேர்ந்த டிராகுனோவ் ரைஃபிளில் வேறு வழி. மூடியைத் தொடவே இல்லை; கெட்டியான உடம்பின் இடப் பக்கவாட்டில் ஒரு ரெயில். ஸ்கோப்பைப் பின்னாலிருந்து அதில் செருகி, ஒரு நெம்புகோலை மடக்கினால் இறுகிவிடும். பாத்திரத்தைச் சுவரில் அடித்த கொக்கியில் மாட்டுகிற மாதிரி. எனக்கு இந்த யோசனை பிடிக்கும்.

அமெரிக்காவின் எம்1 கேரண்டுக்கு வேறு வில்லங்கம். எட்டுத் தோட்டாக்களை ஒரே கொத்தாக மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். சோறு போடும் வாய்மேலேயே மூடி வைத்தால் யார் சாப்பிடுவது? ஆகவே ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி வைத்தார்கள். சுடுகிறவரின் கன்னமும் அதோடு தள்ளிப்போக வேண்டியதாயிற்று. அதற்காகத் தோளில் ஊன்றும் கட்டையில் ஒரு தோல் தலையணையைக் கட்டிக்கொடுத்தார்கள்.

இன்றைய ஏஆர்-15 வகையில் வேலை சுலபம். உடம்பின் மேலேயே பல்பல்லாக ஒரு தட்டையான ரெயில் இருக்கிறது. 1995இல் அமெரிக்க ராணுவம் அளவு நிர்ணயித்த பிகாட்டினி ரெயில் அது. ஒவ்வொரு பள்ளமும் 5.23 மி.மீ. அகலம், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. ஒரே ஓர் எச்சரிக்கை: முன்னால் கை பிடிக்கும் பகுதியிலும் அதே ரெயில் நீண்டுகொண்டு போகும். ஸ்கோப்பின் ஒரு காலை உடம்பிலும் இன்னொரு காலைக் கைப்பிடியிலும் ஊன்றிவிடாதீர்கள். கை அழுத்தினால் கைப்பிடி லேசாக வளையும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் ஆகிவிடும். ஸ்கோப் முன்னால் தள்ளி இருந்தால்தான் கண்ணுக்குச் சரியாக வருமென்றால், கால்கள் இரண்டும் உடம்பிலேயே நிற்க, மேல்பாகம் மட்டும் முன்னால் நீளும் மவுண்ட் கிடைக்கிறது. அதை வாங்குங்கள்.

இனி மாட்டுகிற வேலை. மவுண்ட்டின் அடியில் குறுக்கே ஒரு கட்டை இருக்கும். அது ரெயில் பள்ளத்தில் உட்காரும். வண்டிச் சக்கரம் கழலாமல் காக்கும் கடையாணி மாதிரி. ஆனால் பள்ளத்தைவிடக் கட்டை கொஞ்சம் ஒல்லி, நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். பஸ் சட்டென்று கிளம்பினால் நிற்பவர் பின்னால் சாய்வாரே, அதுபோல ரைஃபிள் பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் முன்னால் வழுக்கப் பார்க்கும். ஆகவே இறுக்குமுன் மவுண்ட்டைக் குழல்முனைப் பக்கம் தள்ளி, கட்டை பள்ளத்தின் முன்சுவரைத் தொடும்படி வைத்துக்கொண்டு பிறகு திருகுங்கள். முதல் இரண்டு இடியையும் சுவர் தாங்கிக்கொள்ளும். எதிர்த்திசையில் வரும் மூன்றாவது இடிக்குச் சுவர் உதவாது. பக்கவாட்டுப் பிடிதான் கதி. மலிவு மவுண்ட்கள் கைவிடும் இடம் இதுதான்.

அப்படியானால் பலம் கொண்டமட்டும் முறுக்கலாமா? கூடாது. குக்கர் கைப்பிடியை அப்படி முறுக்கி மரையைத் தேய்த்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். இங்கே மரையோடு ஸ்கோப் குழாயும் நசுங்கும். குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்களின் திருகுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது சுமார் 2 நியூட்டன் மீட்டர். 20 செ.மீ. கரண்டியின் நுனியில் ஒரு கிலோ சர்க்கரையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. ரெயிலைக் கவ்வும் அடிப்பிடிக்கு இதைவிட அதிகம் வேண்டியிருக்கும். தயாரிப்பாளர் தந்த எண்ணையே பாருங்கள். திருகில் இருக்கும் எண்ணெயை முதலில் துடைத்துவிடுங்கள். பிறகு வைக்கோல் வண்டிக்குக் கயிறு போடுவதுபோல, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

கடைசியாக, திருகின் தலையிலிருந்து மவுண்ட்வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து உலரவிடுங்கள். சுடுதளத்தில் முப்பது நாற்பது தோட்டா போனபின், ரைஃபிளைக் காலி செய்துவிட்டுக் குனிந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் திருகு சுற்றியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் குண்டுகள் இடம் மாறி விழுகின்றனவா? அப்போது வளையத்துக்குள் குழாய் வழுக்குகிறதா என்று தேடுங்கள்.