தராசுக்காகத் தாகம்

பெற்றோரே, உங்கள் மகன் மல்யுத்தம் பயில்கிறானா? எடைப் பிரிவு பார்த்து மோதும் விளையாட்டு அது. ஒரு பிரிவு கீழே இறங்கினால் தன்னிலும் சிறியவனோடு மோதலாம் என்ற கணக்கில், சில பிள்ளைகள் போட்டிக்கு முன் சோற்றை மட்டுமல்ல, தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள்.

1997 இல் அமெரிக்காவில், நவம்பர் 7 முதல் டிசம்பர் 9 வரையான 33 நாட்களுக்குள், மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படித்தான் மரணித்தார்கள். வயது 19, 22, 21. காற்றுப் புகாத உடுப்பை அணிந்து, சூட்டில் பயிற்சி செய்து வியர்வையைக் கொட்டினார்கள். அவசரமாய்க் குறையும் எடை கொழுப்பல்ல, பெரும்பாலும் நீர்தான். நீர் வற்றினால் உடற்சூடு ஏறும். இதயமும் சிறுநீரகமும் தளரும். 1998 இல் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அந்த உடுப்பையும் சூட்டறையையும் சிறுநீர் பெருக்கும் மருந்தையும் தடை செய்தது. மூன்று ஜனாஸாக்களுக்குப் பிறகு!

“நோன்பு பிடிக்கிற பிள்ளைதானே, தாங்குவான்” என்று சிலர் சொல்லக்கூடும். நோன்பாளிக்கு ஸஹர் உண்டு, மஃரிபோடு தண்ணீரும் உண்டு. ரப்பர் உடுப்போடு ஓடு என்று நோன்பு யாரையும் ஏவவில்லை.

மகன் தண்ணீரை மறுத்தால், சிறுநீர் கடும் மஞ்சளாய்ப் போனால், தலை சுற்றினால், பயிற்றுவிப்பாளரை உடனே சந்தியுங்கள். வளரும் பிள்ளைக்கு எடை கூடத்தான் செய்யும். மேற்பிரிவில் அவன் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.