ஐந்தருவித் தண்ணீரும் ரெக்கார்டு நோட்டும்

நான் மெக்கானிக்கல், உயிரியல் நமக்குப் பாடமில்லைதான். ஆனாலும் கேளுங்கள்.

சீசனுக்கு நாம் குளிக்கிற ஐந்தருவித் தண்ணீர் சிற்றாற்றில் சேர்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணிக்கே உரிய ஒரு சின்னக் கெண்டை உண்டு. ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீண்டிருக்கும். 1950-களில் இதை விவரித்த சைலஸ், காவிரிக் கெண்டை ஒன்றின் கிளையினம் என்றுதான் வைத்தார். இன்று அது தனி இனம்: டாக்கின்சியா தாம்பிரபர்ணியை. (முன்பாதி, 2012-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரில் வைத்தது. நம்ம ஊர் மீனுக்கு வெள்ளைக்காரர் பேர்!)

ஒரே சாயலுள்ள இரண்டு மீன் எப்போது பிரிந்தன? மரபணுவைக் கேட்கலாம். ஒரு ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வகுப்பே காப்பியடிக்கிறது என்று வையுங்கள். கைமாறும்போதெல்லாம் புதுப் பிழை சேரும். ஒரே பிழை இரண்டு நோட்டில் இருந்தால் மூலம் ஒன்று என்று மாஸ்டரே பிடித்துவிடுவார்! டி.என்.ஏ.வும் தலைமுறைதோறும் அப்படித்தான் படியெடுக்கப்படுகிறது. நடுவில் மலை நின்றால் இந்த ஆற்றுப் பிழை அந்த ஆற்றுக்குப் போகாது. வித்தியாசம் கூடிக் கூடி இனமே வேறாகிவிடும். அதை எண்ணினால், பிரிந்த காலத்தைத் தோராயமாகச் சொல்லலாம். அதற்குத் துடுப்பில் ஒரு துணுக்கு போதும். மீனைக் கொல்ல வேண்டாம்.

வெறும் பெயர்ச் சண்டை இல்லை இது. கிளையினம் என்றால், 'காவிரியில்தான் இருக்கே' என்று விட்டுவிடுவார்கள். தனி இனம் என்றால், தாமிரபரணியில் போனால் உலகத்திலேயே போச்சு.